பழைய லென்ஸும் புதிய கேமராவும்: ஒளி அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு 50 மி.மீ. லென்ஸ் வெளியே வருகிறது. ஓர் அடாப்டர் வாங்கி, கையில் இருக்கும் டிஜிட்டல் கேமராவில் மாட்டுகிறோம். ஃபோகஸ் வளையம் வெண்ணெய் போலத் திரும்புகிறது. ஆனால் எடுத்த படங்களில் ஒன்று வெளுத்திருக்கிறது, இன்னொன்று இருண்டிருக்கிறது. கேள்விகள் அங்கே தொடங்குகின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைப் பதில்களோடு இங்கே தருகிறேன். அதற்கு முன் ஒரு சொல் விளக்கம்: ஒளி இரு மடங்கானாலும் பாதியானாலும் அது ஒரு ‘ஸ்டாப்’ மாற்றம். லென்ஸின் துளைக்கு அபெர்ச்சர் என்று பெயர்; அதைக் குறிக்கும் எஃப் எண் பெரிதானால் துளை சிறிதாகும். எஃப்/2-லிருந்து எஃப்/2.8-க்குப் போனால் ஒரு ஸ்டாப் ஒளி குறைகிறது.

பழைய லென்ஸ் மாட்டினால் கேமராவின் மீட்டர் தப்பாகத்தான் காட்டும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. பழி வீணாக லென்ஸ் மேல் விழுகிறது. மீட்டர் கேமராவுக்குள் இருக்கிறது. லென்ஸ் வழியாக எந்த ஒளி வந்தாலும் அதை அளப்பது அதன் வேலை. 1960-ல் செய்த கண்ணாடி வழியாக வந்தாலும் இந்த ஆண்டு செய்ததன் வழியாக வந்தாலும் ஒளி ஒளிதான்.

சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மீட்டர் கேமராவுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. மற்றொன்று, லென்ஸின் அபெர்ச்சர் பற்றிக் கேமராவுக்கு என்ன தெரியும் என்பது. இன்றைய லென்ஸ் நாம் பார்க்கும்போது முழுத் துளையில் திறந்தே இருக்கிறது. படம் பதியும் கணத்தில்தான் சுருங்குகிறது. எவ்வளவு சுருங்கப்போகிறது என்பது மின்தொடர்பு வழியாகக் கேமராவுக்கு முன்பே தெரியும். பழைய லென்ஸில் அந்தத் தொடர்பு இல்லை. எனவே லென்ஸ் இயந்திர நெம்புகோல் மூலம் செய்தி சொல்ல வேண்டும். அல்லது துளையைச் சுருக்கிய நிலையிலேயே கேமரா ஒளியை அளக்க வேண்டும். இந்த இரண்டாவது முறையில்தான் கேமராவுக்குக் கேமரா துல்லியம் வேறுபடுகிறது.

மிரர்லெஸ் கேமராவில் எப்படி?

கவலையே வேண்டாம். இந்த வகைக் கேமராவுக்குள் ஒளியைத் திருப்பும் முகக் கண்ணாடி இல்லை; படத்தைப் பதியும் சென்சாரே அங்கே மீட்டராகவும் இருக்கிறது. அபெர்ச்சர் வளையத்தை எஃப்/8-க்குத் திருப்பினால் சென்சாரில் விழும் ஒளி குறைகிறது. அதைச் சென்சார் உடனே உணர்ந்து ஷட்டர் வேகத்தைக் குறைக்கிறது. அளக்கும் ஒளியும் பதியும் ஒளியும் ஒன்றே என்பதால் நடுவில் பிழை புக இடமில்லை. ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கலாம்’ என்ற பொருளில் மெனுவில் ஓர் அமைப்பு இருக்கும். சோனி, ஃபூஜி போன்றவற்றில் அதை இயக்கிவிட்டு, அபெர்ச்சர் முன்னுரிமை நிலையில் (துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும் நிலை) வைத்துக்கொண்டால் போதும்.

பழைய லென்ஸ்களுக்காகவே ஒரு கேமரா வாங்க நினைப்பவர்களுக்கு நான் தயங்காமல் மிரர்லெஸ்ஸைத்தான் சொல்வேன். அடாப்டருக்கு இடம் தாராளமாக இருப்பதும் ஒரு காரணம். எம்42 என்ற பழைய திருகுப் பிடிப்பு லென்ஸுக்கு அதன் பிடிப்பிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரம் வேண்டும். சோனி இ பிடிப்பில் அந்தத் தூரம் 18 மி.மீ.தான். மிச்சத்தை ஒரு வெற்று உலோகக் குழாய் நிரப்பிவிடுகிறது.

டிஎஸ்எல்ஆரில் ஒரே காட்சியை எஃப்/2-ல் எடுத்தால் ஒரு வெளிச்சம், எஃப்/8-ல் எடுத்தால் வேறு வெளிச்சம். ஏன்?

பழைய லென்ஸ் பயன்படுத்துவோரை அதிகம் வாட்டும் கேள்வி இதுதான். விடை ஃபோகஸ் திரையில் இருக்கிறது.

டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே சாய்ந்த முகக் கண்ணாடி உள்ள கேமரா. அதில் ஒளி லென்ஸைக் கடந்து, அந்தக் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, ஒரு மங்கலான திரையில் படமாக விழுகிறது. வியூஃபைண்டரில் நாம் பார்ப்பது அந்தத் திரையை. மீட்டரும் மேலே ஒரு மூலையிலிருந்து அதே திரையைத்தான் பார்க்கிறது; சென்சாரில் விழப்போகும் ஒளியை அது நேரடியாகக் காண்பதில்லை.

இந்தத் திரை தானியங்கி ஃபோகஸ் காலத்து ஜூம் லென்ஸ்களுக்காகச் செய்யப்பட்டது. எஃப்/4, எஃப்/5.6 லென்ஸ்களிலும் வியூஃபைண்டர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடாமல் கண்ணை நோக்கியே அனுப்பும்படி அதன் பரப்பில் நுண்ணிய அமைப்புகள் இருக்கின்றன. எஃப்/1.4 போன்ற அகன்ற துளையின் விளிம்பிலிருந்து சாய்ந்து வரும் ஒளியை இந்தத் திரை சரியாக ஏந்துவதில்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வியூஃபைண்டரில் பார்த்தபடி வளையத்தை எஃப்/1.4-லிருந்து எஃப்/2-க்குத் திருப்புங்கள். பாதி ஒளி போயிருக்க வேண்டும், ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எஃப்/2.8-ஐத் தாண்டிய பிறகுதான் இருளத் தொடங்கும். உங்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாடு மீட்டருக்கும் தெரியவில்லை. சென்சாருக்கு மட்டும் தெரிகிறது.

மறுமுனையிலும் ஒரு கோளாறு உண்டு. துளை மிகவும் சுருங்கும்போது ஒளி மெல்லிய கூம்பாக, நேராக வருகிறது. மூலையிலிருந்து சாய்வாகப் பார்க்கும் மீட்டருக்கு அதில் எவ்வளவு பங்கு போய்ச் சேரும் என்பது திரைக்குத் திரை மாறும். அதனால்தான் ஒரு கேமரா எஃப்/8-ல் வெளுக்கிறது, இன்னொன்று இருள்கிறது. புதிய லென்ஸ் மாட்டினால் கேமரா தன் நினைவிலிருக்கும் திருத்தக் கணக்கைப் போட்டுச் சரிசெய்துகொள்கிறது. முன்னால் இருப்பது என்ன லென்ஸ் என்றே தெரியாதபோது எந்தத் திருத்தத்தைப் போடும்?

என் முதல் எம்42 லென்ஸை ஒரு தேரோட்டத்துக்கு எடுத்துப் போனேன். காலை முழுக்க எஃப்/8-லேயே எடுத்தேன். வடம் பிடித்த கைகளும் வேட்டிகளும் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துவிட்டன. லென்ஸ் கெட்டது என்று முடிவுகட்டிச் சில மாதங்கள் பீரோவில் பூட்டி வைத்தேன். அதே லென்ஸ் அதே கேமராவில் எஃப்/4-ல் பிசகின்றி அளந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் தேர் அடுத்த ஆண்டும் வந்தது. அன்றைக்கு என் அருகில் நின்று வடம் பிடித்த சில முகங்கள் வரவில்லை.

அப்படியானால் டிஎஸ்எல்ஆரில் துல்லியமாக அளக்க வழியே இல்லையா?

இருக்கிறது. பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவுக்கு மாறுங்கள். கண்ணாடி மேலே போய்விடுவதால் சென்சாரே அளக்கிறது. அந்த நேரத்துக்கு உங்கள் கேமரா ஒரு மிரர்லெஸ். அளந்த ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொண்டு, கைமுறை நிலையில் அதையே வைத்து, பிறகு வியூஃபைண்டரில் பார்த்து எடுக்கலாம். வெளிச்சம் மாறாதவரை அந்த எண் செல்லும்.

என் கேமராவின் பிழை எவ்வளவு என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு வெற்றுச் சுவர் போதும். வெயில் நேரடியாகப் படாத, நிழலான, சீரான வெளிச்சமுள்ள சுவராக இருக்கட்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் சோதிக்காதீர்கள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சோக் வைத்த டியூப் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகமான ஷட்டரில் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறிச் சோதனையே பாழாகும். மேகம் ஓடும் நாளும் வேண்டாம்.

கேமராவை முக்காலியில் வையுங்கள். தானியங்கி ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) நிறுத்தி 200-ல் வையுங்கள். வெள்ளைச் சமநிலையையும் ஒன்றில் நிறுத்துங்கள். அபெர்ச்சர் முன்னுரிமையில், ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), எஃப்/2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுங்கள். ஒப்பிட, அதே சுவரை ஒரு புதிய லென்ஸில் எஃப்/5.6-ல் ஒரு படம் எடுத்து வையுங்கள். கணினியில் திறந்து, ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியையும் அந்த ஒப்பீட்டுப் படத்தோடு பொருந்தும்வரை எக்ஸ்போஷர் அளவைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். எத்தனை ஸ்டாப் நகர்த்தினீர்களோ அதுதான் உங்கள் திருத்தம். ஓரங்களைப் பார்க்க வேண்டாம். முழுத் துளையில் பழைய லென்ஸ்களின் மூலைகள் இருள்வது இயல்பு.

கிடைத்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ‘எஃப்/8 என்றால் ஒன்று குறை’ என்பது போல. இந்தப் பிழை பெரும்பாலும் கேமராவும் அதன் திரையும் சேர்ந்து செய்வது, லென்ஸுடையது அன்று. ஆகவே ஒரு லென்ஸில் கண்ட எண்கள் உங்களிடம் உள்ள மற்றப் பழைய லென்ஸ்களுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். ஒரு மாலை நேரம் செலவழித்தால் போதும், அந்தக் கேமரா இருக்கும்வரை பயன்படும்.

மிரர்லெஸ்ஸில் இந்தச் சோதனை தேவையா?

வேறொரு காரணத்துக்காகத் தேவை. படங்கள் எல்லாம் ஒரே வெளிச்சத்தில்தான் வரும். அவற்றை விட்டுவிட்டு ஷட்டர் வேகத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் நேரம் இரு மடங்காக வேண்டும்: 1/1000, 1/500, 1/250 என்று. எஃப்/8-லிருந்து எஃப்/11-க்குப் போயும் நேரம் மாறவில்லை என்றால், அபெர்ச்சர் தகடுகள் சுருங்காமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய லென்ஸில் உள்ளே இருக்கும் எண்ணெய் கசிந்து தகடுகளில் படிவது வழக்கமான நோய். மீட்டர் அதை மூடி மறைத்து நல்ல படம் தந்துவிடும். ஆனால் நீங்கள் எதிர்பார்த்த தெளிவு ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரம்) கிடைத்திருக்காது.

நிக்கான் ஏஐ லென்ஸ் என் நிக்கானில் ஒளியை அளக்குமா?

இங்கே ஏஐ என்பதற்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தொடர்பில்லை. 1977-ல் நிக்கான் கொண்டுவந்த ஓர் இயந்திர ஏற்பாட்டின் பெயர் அது. லென்ஸின் அபெர்ச்சர் வளையத்தில் வெட்டப்பட்ட ஒரு விளிம்பு, கேமராவின் பிடிப்பைச் சுற்றியுள்ள ஒரு சிறு நாக்கைத் தள்ளுகிறது. முழுத் துளையிலிருந்து எத்தனை ஸ்டாப் சுருக்கியிருக்கிறோம் என்று கேமரா அதன் மூலம் அறிகிறது. முழுத் துளையில் அளந்துவிட்டு அந்த எண்ணிக்கையைக் கழித்துக்கொள்வதால், மேலே சொன்ன திரைச் சிக்கல் இங்கே வெகுவாகக் குறைகிறது. என் அனுபவத்தில், டிஎஸ்எல்ஆரில் பழைய லென்ஸை நம்பி அளக்கக் கிடைத்த மிக நேர்த்தியான வழி இதுதான்.

டி200, டி300, டி700, டி7000, டி800, டி850 போன்றவற்றில் அந்த நாக்கு உண்டு. மெனுவில் ‘சிபியு இல்லாத லென்ஸ்’ (மின்னணுச் சில்லு இல்லாத லென்ஸ்) என்ற பகுதியில் குவிய தூரத்தையும் பெரும அபெர்ச்சரையும் பதிந்துவிட்டால் காட்சி முழுவதையும் பகுதி பகுதியாக அளக்கும் மேட்ரிக்ஸ் அளவீடும் வேலை செய்யும். டி700-ல் 9 லென்ஸ்களின் விவரத்தைச் சேமிக்கலாம். பதியாவிட்டால் மேட்ரிக்ஸுக்குப் பதில் நடுப்பகுதிக்கு எடை கொடுக்கும் அளவீடு கிடைக்கும். அபெர்ச்சருக்குப் பதில் எத்தனை ஸ்டாப் சுருங்கியிருக்கிறது என்று காட்டும்.

ஓர் எச்சரிக்கை. 1977-க்கு முந்தைய, ஏஐ-ஆக மாற்றப்படாத லென்ஸை இந்தக் கேமராக்களில் வலிந்து திருகினால் அந்த நாக்கு உடையலாம். 2013-ல் வந்த டிஎஃப் கேமராவில் மட்டும் நாக்கை மடக்கிவைக்க முடியும். மிரர்லெஸ் இசட் வரிசையில் எஃப்டிஇசட் அடாப்டருக்கு நாக்கே இல்லை. அங்கே சுருக்கிய துளையிலேயே சென்சார் அளந்துகொள்கிறது.

என்னிடம் இருப்பது டி3000 அல்லது டி5000 வரிசை. மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. பழுதா?

பழுதில்லை. அந்த வரிசைகளிலும் டி7500-லும் நாக்கு கிடையாது. சிபியு இல்லாத லென்ஸுக்கு மீட்டர் இயங்காது. கைமுறை நிலையில்தான் எடுக்க முடியும். அதற்காக லென்ஸைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். ஃபிலிம் காலத்து 16 விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தெளிவான வெயிலில் எஃப்/16 வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200. எஃப்/8 வேண்டுமென்றால் இரண்டு ஸ்டாப் வேகம் கூட்டி 1/800. லேசான மேகத்துக்கு ஒரு ஸ்டாப், மூட்டமான வானத்துக்கு மூன்று ஸ்டாப் கூடுதல் ஒளி. ஒரு படம் எடுத்து, இருளும் வெளிச்சமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்துங்கள். இரண்டு வாரம் இப்படிப் பழகியவர்கள் மீட்டரைப் பார்க்கும் முன்பே எண்ணைச் சொல்வதைக் கண்டிருக்கிறேன்.

பென்டாக்ஸில் அபெர்ச்சர் முன்னுரிமையில் வைத்தால் எப்போதும் முழுத் துளையிலேயே எடுக்கிறது. என்ன செய்வது?

கே, எம் வரிசை லென்ஸ்களில், அதாவது வளையத்தில் ‘ஏ’ என்ற இடம் இல்லாதவற்றில், இதுதான் நடக்கும். பென்டாக்ஸ் கே பிடிப்பு 1975-ல் வந்தபோது வளையத்தின் நிலையைக் கேமராவுக்குச் சொல்லும் ஒரு நெம்புகோல் இருந்தது. டிஜிட்டல் கேமராக்களில் அதைப் படிக்கும் பகுதியை நீக்கிவிட்டார்கள். அந்தச் சிறு உறுப்பை வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் பென்டாக்ஸ்காரர்களுக்கு இன்றும் உண்டு, எனக்கும் உண்டு.

வழி இது: மெனுவில் அபெர்ச்சர் வளையத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுங்கள். கைமுறை நிலைக்குப் போய், வளையத்தில் வேண்டிய எண்ணை வைத்து, பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். துளை ஒரு கணம் சுருங்கி, கேமரா அளந்து, ஷட்டர் வேகத்தை நிர்ணயித்துவிடும். அளவு திரை வழியாகத்தான் நடக்கிறது என்பதால் சுவர்ச் சோதனை இங்கே கட்டாயம். எம்42 லென்ஸை அடாப்டரில் மாட்டினால் துளை நேரடியாகவே சுருங்கும். அபெர்ச்சர் முன்னுரிமை ஒழுங்காக இயங்கும்.

கேனனுக்குச் சிப் வைத்த அடாப்டர் வாங்கினேன். ஃபோகஸ் ஆனதும் விளக்கு எரிகிறது, ஆனால் வெளிச்சம் கெட்டுவிட்டதே?

அந்தச் சிப் கேமராவிடம் ‘நான் இன்ன அபெர்ச்சர் உள்ள லென்ஸ்’ என்று ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்கிறது. அதை நம்பிக் கேமரா திரைத் திருத்தத்தைப் போடுகிறது. சொன்னதும் உண்மையும் பொருந்தாவிட்டால் திருத்தமே பிழையாகிவிடும். சில சிப்களில் எண்ணை மாற்றி எழுதலாம். முடியாவிட்டால் சிப்போடு ஒருமுறை, சிப் இல்லாமல் ஒருமுறை சுவர்ச் சோதனை செய்து, எது சீராக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வளையத்தைத் திருப்பினாலும் மீட்டர் எண் மாறவே இல்லை.

துளை சுருங்கவில்லை. லென்ஸின் பின்பக்கம் பாருங்கள். எம்42 லென்ஸ் பலவற்றில் தானியங்கி, கைமுறை என்று ஒரு சிறு விசை இருக்கும். அதைக் கைமுறைக்குத் தள்ளுங்கள். விசை இல்லாவிட்டால், பின்புற ஊசியை அழுத்திப் பிடிக்கும் விளிம்புள்ள அடாப்டர் வேண்டும். கேனன் எஃப்டி அடாப்டரில் ஒரு பூட்டு வளையம் உண்டு. அது திறந்த நிலையில் இருந்தால் இப்படித்தான் ஆகும். ஹீலியோஸ் 44-2 வைத்திருப்பவர்களுக்கு: அதில் இரண்டு வளையங்கள். ஒன்று எண்ணைக் குறிக்கிறது, மற்றொன்றுதான் துளையை உண்மையில் மூடுகிறது.

வெளியில் எடுக்கும்போது டிஎஸ்எல்ஆர் சில சமயம் திடீரென்று இருட்டாக எடுக்கிறது.

கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்துவிட்டு அளந்தீர்களா? பின்பக்கத்திலிருந்து நுழையும் வெயில் மீட்டரில் போய் விழுகிறது. லென்ஸை எஃப்/11-க்குச் சுருக்கியிருக்கும்போது முன்பக்கத்திலிருந்து வரும் ஒளி மிகக் குறைவு. அதனால் பின்னாலிருந்து வரும் சிறு கீற்றுக்கூடக் கணக்கைப் புரட்டிவிடும். முக்காலியில் எடுக்கும்போது கண்துளையைக் கையால் மூடிவிட்டு அளங்கள்.

லென்ஸ் கண்ணாடி மஞ்சளாக இருக்கிறது. அதற்கு ஏதாவது கூட்ட வேண்டுமா?

வேண்டாம். சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. காலப்போக்கில் அது பழுப்பேறுகிறது. அது ஒளியைக் கொஞ்சம் விழுங்கும். ஆனால் கேமரா அந்தக் கண்ணாடி வழியாகவே அளப்பதால் இழப்பு ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. தனியாகக் கையில் வைத்து அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் அது தெரியாது.

பூஞ்சையும் உள்மூட்டமும் வேறு கதை. சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் பீரோவில் பல ஆண்டு கிடந்த லென்ஸில் இவை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜன்னலுக்கு எதிரே எடுக்கும்போது அந்த மூட்டம் ஒளியைப் படமெங்கும் சிதறடிக்கிறது. மீட்டர் அதையும் ஒளியென்று எண்ணி முகத்தை இருட்டாக்குகிறது. ஒற்றைப் பூச்சு உள்ள பழைய லென்ஸ் சுத்தமாக இருந்தாலும் ஓரளவு இப்படிச் செய்யும். லென்ஸ் ஹூட் மாட்டுங்கள். எதிர் வெளிச்சத்தில் முகத்துக்கு அருகில் போய் அளந்துவிட்டுப் பின்னால் வாருங்கள்.

கைமீட்டர் ஓர் எண் சொல்கிறது, கேமரா வேறு எண் சொல்கிறது. யாரை நம்புவது?

மூன்றில் ஒரு ஸ்டாப், அரை ஸ்டாப் வேறுபாட்டுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. டிஜிட்டல் கேமராவின் ஐஎஸ்ஓ எண்ணை ஓரளவு தங்கள் விருப்பப்படி வரையறுக்கத் தயாரிப்பாளர்களுக்கு இடம் இருக்கிறது. கண்ணாடிகள் விழுங்கும் ஒளியும், மிக நெருங்கி எடுக்கும்போது ஏற்படும் இழப்பும் கைமீட்டருக்குத் தெரியாது. பொருளின் உண்மையான அளவிலேயே படம் விழும் நெருக்கத்தில் அந்த இழப்பு இரண்டு ஸ்டாப். கேமராவின் ஹிஸ்டோகிராமை நம்புங்கள்.

எல்லாம் சரிபார்த்தேன். ஆனாலும் வெள்ளை வேட்டி சாம்பலாகிறது, எருமை மாடு வெளுக்கிறது.

இதற்கும் லென்ஸுக்கும் தொடர்பில்லை. எந்த மீட்டரும் தான் பார்ப்பதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெள்ளை நிறைந்த காட்சிக்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், கருமை நிறைந்ததற்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

குவியம் குறைக்கும் அடாப்டர் போட்டால்?

லென்ஸின் குவிய தூரத்தை 0.71 மடங்காகக் குறைக்கும் அடாப்டர் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் ஒளியைக் கூட்டுகிறது. மீட்டர் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். லென்ஸில் எஃப்/2 என்று இருந்தாலும் ஒளியளவில் அது எஃப்/1.4 என்பதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

ஃபிளாஷ்?

கேமராவே ஃபிளாஷை அளந்து நிறுத்தும் வசதியைப் பழைய லென்ஸோடு நம்பாதீர்கள். பென்டாக்ஸில் ‘ஏ’ இல்லாத லென்ஸுக்கு அது இயங்காது. ஃபிளாஷைக் கைமுறையில் வைத்து, அதன் வலிமையைக் குறிக்கும் வழிகாட்டி எண்ணைத் தூரத்தால் வகுங்கள். எண் 32, ஆள் நிற்பது 4 மீட்டரில் என்றால் ஐஎஸ்ஓ 100-ல் எஃப்/8. வளையத்தை அங்கே வைத்து எடுங்கள். பின்னணி இருட்டாக இருந்தால் ஷட்டரை மெதுவாக்குங்கள். முகத்தில் விழும் ஃபிளாஷ் ஒளி அதனால் மாறாது.